முன்னே வந்து நிற்கும் சொல்

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்களுள் பலர் 'நெவர் ஐ ஹேவ் ஸீன்' என்று எழுதிவிடுகின்றனர். 'ஒருபோதும் நான் கண்டதில்லை' என்பது அவர்கள் உள்ளத்தில் எழுந்த தொடர். தமிழில் அது பிழையற்றது, அழுத்தமும் உடையது. ஆங்கிலத்திலோ 'நெவர் ஹேவ் ஐ ஸீன்' என்றே அது அமைதல் வேண்டும். 'ஹேவ்' என்னும் துணைவினை 'ஐ' என்னும் எழுவாயை முந்திக்கொண்டு நிற்கிறது. இம்முறைமாற்றம் எதனால் நேர்கிறது?

தமிழில் சொற்களுக்கு இடம் பெயரும் உரிமை மிகுதி. 'கண்ணன் முருகனை அழைத்தான்' என்றாலும், 'முருகனை அழைத்தான் கண்ணன்' என்றாலும் அழைத்தவன் கண்ணனே. இரண்டாம் வேற்றுமை உருபு முருகனை விட்டு நீங்காமல் காவல் நிற்கிறது. இலங்கையிலிருந்து மீண்ட அனுமன், சீதையைக் கண்ட செய்தியை இராமனிடம் வினைச்சொல்லை முன்வைத்துக் கூறும்படி கம்பர் அமைத்ததும் இவ்வுரிமையினால்தான்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இவ்வசதி ஓரளவு இருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. அவ்வீறுகள் நாளடைவில் தேய்ந்து உதிரவே, உருபு செய்த வேலையை இடம் செய்யலாயிற்று. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். அப்பழைய மொழிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எழுவாய் அல்லாத ஒரு சொல் முதலில் வந்தால், வினை பெரும்பாலும் இரண்டாம் இடத்தைப் பற்றிக்கொள்ளும்; எழுவாய் பின்னே செல்லும். ஜெர்மன் மொழி இன்றும் இவ்வழக்கத்தைக் காத்துவருகிறது. ஆங்கிலம் அதைக் கைவிட்டது. ஆயினும் எதிர்மறைச் சொல் முன்வரும் இடத்தில் அதன் எச்சம் நிலைத்திருக்கிறது.

நெவர், ஸெல்டம், ரேர்லி, ஹார்ட்லி முதலியன வாக்கியத்தின் தலையில் ஏறினால் துணைவினை உடனே எழுவாயை முந்த வேண்டும். துணைவினை இல்லாத வாக்கியமாயின் டூ, டஸ், டிட் என்பவற்றுள் ஒன்றை வருவித்துக்கொள்ள வேண்டும். 'ஹி ஸெல்டம் கம்ஸ்' என்பது 'ஸெல்டம் டஸ் ஹி கம்' என மாறும். 'ஒன்லி' என்னும் சொல்லில் சற்று விழிப்பு வேண்டும். 'ஒன்லி வென் ஹி கேம் டிட் வி ஸ்டார்ட்', அதாவது அவர் வந்த பின்னரே நாம் புறப்பட்டோம் என்பதில் மாற்றம் தலைமை வாக்கியத்தில் நிகழ்கிறது. 'வென்' என்று தொடங்கும் சார்பு வாக்கியம் அசையாது. 'ஒன்லி' எழுவாயையே தழுவி நின்றால் மாற்றமே இல்லை: 'ஒன்லி கண்ணன் நோஸ்'.

இவையெல்லாம் வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் பின்வரும் இரு வாக்கியங்களை நோக்குக. 'வித் நோ டீச்சர் ஹி வுட் லேர்ன் வெல்': ஆசிரியர் இல்லாவிடினும் இவன் நன்கு கற்பான். 'வித் நோ டீச்சர் வுட் ஹி லேர்ன் வெல்': எந்த ஆசிரியர் வாய்த்தாலும் இவன் நன்கு கற்கமாட்டான். சொற்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. 'வுட்', 'ஹி' என்னும் இரண்டும் இடம் மாறியதும் பாராட்டு இகழ்ச்சியாகிவிட்டது! முதல் வாக்கியத்தில் 'நோ' என்பதன் ஆட்சி 'டீச்சர்' என்ற சொல்லோடு முடிகிறது. இரண்டாவதில் அது வாக்கியம் முழுவதையும் மறுக்கிறது. அவ்வாறு முழுவதையும் மறுக்கும்போதே துணைவினை முன்செல்லும். 'விரைவில் வந்து சேர்ந்தோம்' என்னும் பொருளில் 'இன் நோ டைம் வி அரைவ்ட்' என்கையில் மாற்றம் இல்லாததன் காரணமும் இதுவே. அங்கே வருகை மறுக்கப்படவில்லை. ஒரு மாணவனுக்கு நற்சான்று எழுதுவோர் இவ்வேறுபாட்டை அறியாதிருந்தால் இழப்பு மாணவனுக்கே.

இடத்தையும் திசையையும் குறிக்கும் சொற்கள் முன்வரும்போது முறை வேறு. 'டௌன் கேம் தி ரெயின்' என்பதில் 'டிட்' என்னும் துணை தேவையில்லை. முதன்மை வினையே எழுவாயை முந்துகிறது. ஆனால் எழுவாய் இடப்பெயராயின் அது முந்தவும் செய்யாது: 'டௌன் இட் கேம்'.

எங்கே இதை ஆளலாம்? 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் சர்ச்சில், தம் நாட்டு வான்படை வீரர்களுக்கு நாடு பட்ட கடனைக் குறித்துப் பேசினார். புகழ்பெற்ற அவ்வாக்கியத்தை அவர் 'நெவர்' என்று தொடங்கி, ஒரு சிறு தொடரை இடையே வைத்து, பின் 'வாஸ்' என்னும் துணைவினையை எழுவாய்க்கு முன் நிறுத்தினார். போர் நடந்துகொண்டிருந்த வேளை, அத்தகைய பேச்சு, அம்முறை அங்கே பொருந்திற்று. இரண்டு நாள் விடுப்புக் கேட்கும் கடிதத்தில் 'நெவர் ஹேவ் ஐ டேக்கன் லீவ்' என்று முழங்கினால் மேலதிகாரி புன்னகை செய்வார். அங்கே 'ஐ ஹேவ் நெவர் டேக்கன் லீவ்' என்பதே போதும்.