கடைத்தெருவில் நடக்க ஏன் தயங்குகிறோம்?

வயதான தாயையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போகிறோம். அடுத்த கடை அரை கிலோமீட்டர்தான். ஆனாலும் "ஆட்டோ பிடித்துவிடலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. நடைபாதையில் பைக்குகள் நிற்கின்றன. அதைத் தாண்டினால் மூடி உடைந்த கால்வாய். சாலையில் இறங்கினால் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தபடி இரண்டு கடை ஏறி இறங்கியதுமே, வீட்டுக்குப் போனால் போதும் என்றாகிவிடுகிறது.

இந்தக் காலத்து மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் இதே குடும்பம் ஒரு ஷாப்பிங் மாலுக்குப் போனால் இரண்டு மணி நேரம் அலுக்காமல் நடக்கிறது. அங்கே வண்டி வராது, தரை சமமாக இருக்கிறது, உட்கார இடமும் கழிப்பறையும் உண்டு. அப்படியானால் குறை நம் கால்களில் இல்லை, தெருவில்தான் இருக்கிறது.

இது வெறும் வசதி சார்ந்த விஷயமும் அல்ல. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

கோபன்ஹேகன் கற்றுத்தந்த பாடம்

இதே நெருக்கடியைச் சந்தித்து, அதை மாற்றிக் காட்டிய நகரங்கள் உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ராய்யெ என்ற கடைத்தெரு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம் கொண்டது. 1962 நவம்பரில் அங்கே கார்கள் செல்வது சோதனை முறையில் நிறுத்தப்பட்டது. கடைக்காரர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. கார் வராவிட்டால் வாடிக்கையாளரும் வரமாட்டார் என்று அஞ்சினார்கள். தெருவில் உலாவுவது இத்தாலியர் பழக்கம், இந்தக் குளிரில் யார் நடப்பார்கள் என்றும் கேட்டார்கள்.

அவர்கள் அஞ்சியது நடக்கவில்லை. மக்கள் நடந்து வந்தார்கள், கடைகளும் பிழைத்தன. 1964இல் அந்த ஏற்பாடு நிரந்தரமானது. 1962இல் 15,800 சதுர மீட்டராக இருந்த கார் இல்லாத பகுதி, 2005க்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர மீட்டராக வளர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர்கள் மாற்றவில்லை. கார் நிறுத்தும் இடங்களை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மக்களும் அதற்கேற்பப் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் தெருவில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பல்லாண்டுகள் எண்ணிக் கணக்கெடுத்தவர் யான் கெல் என்ற கட்டடக் கலைஞர். நடப்பவருக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை கண்ணில் புதிதாக ஏதாவது பட வேண்டும் என்கிறார் அவர். சிறு கடைகள் நெருக்கமாக உள்ள தெருவில் தூரம் தெரியாது. நீண்ட மதில் சுவரை ஒட்டி நடந்தால் நூறு மீட்டரும் சலிப்பைத் தரும். நம் பழைய கடைத்தெருக்களுக்கு இந்தச் செல்வம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கால் வைக்கும் இடம் மட்டுமே.

நிமிடங்களைச் சொல்லும் வரைபடம்

ஸ்பெயினில் பொன்தெவேத்ரா என்ற சிறு நகரம், மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. 1999இல் மேயரான மிகேல் அன்ஷோ ஃபெர்னாண்டஸ் லோரெஸ் ஒரு மருத்துவர். அவர் காலத்தில் நகரின் பழைய மையப்பகுதியில் கார்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. வெளியூரிலிருந்து வருவோர் காரை விட்டுவிட்டு நடந்து வர, மையத்துக்கு வெளியே இலவச நிறுத்துமிடங்கள் அமைக்கப்பட்டன. வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர் ஆக்கப்பட்டது. அந்த வேகத்தில் வண்டி மோதினால் பெரும்பாலோர் உயிர் பிழைப்பார்கள். வேகம் கூடக்கூட அந்த வாய்ப்பு சட்டென்று குறைகிறது.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு நடைவரைபடம் வெளியிட்டார்கள். சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம், அங்கிருந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். நடை தூரத்தை நாம் எப்போதும் மனதில் கூட்டியே கணக்கிடுகிறோம். பத்து நிமிடம்தான் என்று தெரிந்தால் பலர் நடக்கத் தயாராகிறார்கள்.

நம்மூரில்

இதெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் சரி என்று சொல்லிவிட முடியாது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகள் செல்லும் இடம் குறுகியது, நடப்பவருக்கு இருக்கைகளோடு இடம் கிடைத்தது. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை வந்தது. ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்குபவர் கடைசித் தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். அந்த வழி சரியில்லையென்றால் அவர் அடுத்த முறை பைக்கை எடுத்துவிடுவார்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவும் இருக்கிறது. நடப்பதற்கென்று தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அளவு அது. முழங்கால் வலியுள்ள ஒருவர் ஏறக்கூடிய உயரமும் அதுதான். நம் வெயிலுக்கு மர நிழலும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், இரவில் வெளிச்சமும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மில் பலர் கடை நடத்துபவர்கள். நடைபாதையை அகலமாக்கும் பேச்சு வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் நமக்கும் வரும். கோபன்ஹேகன் கடைக்காரர்களுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. காரில் கடந்து போகிறவர் நம் கடைப் பலகையைக்கூடப் படிப்பதில்லை. நடந்து வருகிறவர்தான் நின்று பார்க்கிறார், விலை கேட்கிறார், உள்ளே வருகிறார்.

மாநகராட்சி செய்ய வேண்டியது நிறைய. ஆனால் நம் கடை முன்னால் உள்ள நடைபாதையில் சரக்குப் பெட்டியை வைக்காமல் இருப்பதும், பைக்கை அதில் ஏற்றாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. தெரு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. உங்கள் தாயும் ஏழு வயதுப் பிள்ளையும் பயமில்லாமல் சேர்ந்து நடக்க முடிந்தால் அது நல்ல தெரு.