தூக்கத்திலேயே பதில் சொன்ன நரம்பு

எங்க சித்தி மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நம்ம கோயிலில் கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அவள் பாட்டுக்குப் பொரிகடலை தின்பாள். “வெடி ஊர்ப் பிள்ளை, சத்தத்துக்குப் பழகிருச்சு” என்று பெரியவங்க சொன்னாங்க. அதிலேயே இரண்டு வருஷம் போச்சு. மூன்றரை வயதில்தான் மதுரையில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் நடந்தது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுள்ள காக்ளியா இருக்கிறது. அதிலுள்ள மயிர்ச் செல்கள்தான் ஒலியை மின் சைகையாக மாற்றுகின்றன. அவை கெட்டிருந்தாலும் பலருக்குச் செவி நரம்பு நன்றாக இருக்கும். அதனால் மின்முனைகள் உள்ள மெல்லிய கம்பியை உள்ளே நுழைத்து நரம்பை நேரடியாகத் தூண்டுகிறார்கள். சில கருவிகளில் 12 முனை, சிலவற்றில் 22. ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் 1977-இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்துத்தான் இதற்கு வழி கண்டாராம்! 1978-இல் மெல்போர்னில் முதல் ஆளுக்குப் பொருத்தினார்.

சரி, மயக்கத்தில் கிடக்கும் பிள்ளையிடம் “கேக்குதா?” என்று கேட்க முடியுமா? நரம்பிடமே கேட்கிறார்கள். ஒரு முனை சின்ன மின் துடிப்பு கொடுக்கும், பக்கத்து முனை நரம்பின் பதிலைப் பதிவு செய்யும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்துவிடும். அளவு சில நூறு மைக்ரோவோல்ட்தான். நம்ம டார்ச் செல் 15 லட்சம் மைக்ரோவோல்ட்!

கொடுத்த துடிப்போ ரொம்பப் பெரிசு. லட்சுமி வெடி பக்கத்தில் கொசு பாடுற மாதிரி பதில் அமுங்கிப்போகும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு துடிப்புக்குப் பதில் சொன்ன நரம்பு, உடனே வரும் அடுத்த துடிப்புக்குப் பதில் சொல்லாது. அப்போது பதிவாவது வெறும் மின் இரைச்சல். அதைக் கழித்தால் மிஞ்சுவது நரம்பின் குரல். (நம்ம கணக்கு சார் சந்தோஷப்படுவார்.)

ஆபரேஷன் முடிந்ததும் “நரம்பு பதில் சொல்லுது” என்று டாக்டர் சொன்னப்போதான் சித்தி தண்ணியே குடிச்சாங்க. ஆனால் நரம்பு பதில் சொன்னால் பிள்ளைக்குப் பேச்சு புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூளை இனிமேல்தான் படிக்கணும். காயம் ஆறி, சில வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி ஓடவிடுவார்கள். அந்த அளவுகள் பிறகும் மாறும், அதனால் மறுபடி அளக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குச் சத்தம் கூடுதலா, குறைவா என்று சொல்லத் தெரியாதே! இந்த அளவையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்துத்தான் கருவியைச் சரிசெய்கிறார்கள்.

முதல் நாள் அவள் பயந்து அழுதாள். போன தீபாவளிக்கு ஓலைவெடிச் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பினாள், மறுபடியும் அழுதாள். சித்தி மட்டும் சிரிச்சுக்கிட்டே நின்னாங்க.