மாசி வீதியிலிருந்து லோயர் கேம்ப் வரை

மதுரை மாநகரின் நடுப்பகுதியில் வீதிகளுக்கு மாதங்களின் பெயரை இட்டிருக்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதி. மதிலைச் சுற்றி வெளியே சித்திரை வீதி. அதற்குப் புறத்தே ஆவணி மூல வீதி. அதையும் சூழ்ந்து மாசி வீதி. எல்லாவற்றுக்கும் அப்பால், பழைய கோட்டையின் எல்லையில், வெளி வீதி. இந்த வீதிகளில் ஏதேனும் ஒன்றிலுள்ள அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ முப்பது முப்பத்தைந்து வருஷ காலம் உத்தியோகம் பார்த்து, அறுபது வயது பூர்த்தியாகி, மாலையும் சால்வையும் பெற்று வீடு திரும்புகிறவர்களில் எத்தனையோ பேர், நான்கு மாசி வீதிகளையும் ஒரே மூச்சில் சுற்றி நடந்து பார்த்ததே இல்லை. பஸ் நிலையத்திலிருந்து ஆபீஸுக்கும், ஆபீஸிலிருந்து பஸ் நிலையத்துக்கும் உள்ள ஒரு துண்டு வழியே அவர்களுக்கு மதுரையாக இருந்துவிடுகிறது.

அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெற்றதும் முதலில் நினைப்பது தூரதேசப் பிரயாணத்தைத்தான். காசி, பத்ரிநாத், அந்தமான் என்று ஒரு ஜாபிதா தயாராகிவிடுகிறது. அதில் பிழையொன்றும் இல்லை. கால் திடமாக இருக்கும்போதே போய்வர வேண்டிய ஸ்தலங்கள் அவை. ஆனால், ஓய்வு பெற்றவருக்குப் புதிதாகக் கைவந்திருக்கும் செல்வம் எது என்று யோசித்துப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை காலையில் தம் விருப்பப்படி வெளியே கிளம்புகிற சுதந்திரமும், பார்த்த ஒரு இடத்தையே ஐப்பசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை, கோடை உச்சத்தில் ஒரு முறை என்று மறுபடி மறுபடி பார்க்கிற அவகாசமுமே அது என்று எனக்குத் தோன்றுகிறது. உத்தியோகஸ்தர் எந்த ஊரையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் பார்க்கிறார். அவருக்கு வாய்த்திராத இந்தப் பாக்கியத்தை, வீட்டு வாசலிலிருந்தே அனுபவிக்கத் தொடங்கலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் வீதிகள். விடியற்காலை ஆறு மணிக்கு, கடைகளின் கதவு திறக்குமுன், கீழமாசி வீதித் தேரடியிலிருந்து நடக்கத் தொடங்குகிறவருக்கு, பகலில் மளிகை மூட்டைகளும் தள்ளுவண்டிகளும் மறைத்துக்கொண்டிருக்கும் பழைய வீடுகளின் மாடி முகப்புகளும் மரத்தூண்களும் கண்ணுக்குத் தென்படும். சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதியில் ஓடுவானேன் என்று நடந்துகொண்டே யோசிக்கலாம். மாசி மாதத்தில் நடந்துவந்த தேரோட்டத்தை அழகர் விழாவோடு சேரும்படி சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்று சொல்லுகிறார்கள். மாதம் மாறிய பின்னும் தேர் தன் பழைய வீதியை விட்டுவிடவில்லை. மேலமாசி வீதியில், 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி சட்டையையும் மேல்துண்டையும் துறந்து அரையாடை உடுத்த நிச்சயித்த வீடு இருக்கிறது. அன்றாடம் அதைக் கடந்து போனவர்கள்கூட நின்று ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேரவேண்டிய கவலை அப்படி.

கோட்டை மறைந்த கதையும் நடையிலேதான் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விஸ்தரித்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயராலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. கலெக்டரின் ஞாபகமாக எழுப்பிய விளக்குத்தூண் ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் முந்திய பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில், விட்டவாசல் என்ற பெயரோடு, போக்குவரத்தின் மத்தியில் அப்படியே நிற்கிறது. படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரம் பரீட்சையோடு போய்விடும். காலால் நடந்து தெரிந்துகொண்டதோ நம்மோடு தங்கிவிடுகிறது.

நடைப் பழக்கமே இல்லாதவர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஆரம்பிப்பது உத்தமம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய இந்தத் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும், தரை சமம், களைத்தால் உட்கார இடம் உண்டு. தைப்பூசத்தில் தெப்பம் மிதக்கும்போது பார்ப்பது ஒரு காட்சி. வைகையிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்து படிகள் ஒவ்வொன்றாக மூழ்குவதை நாள்தோறும் நடக்கையில் பார்த்துக்கொண்டு வருவது வேறு வகையான, என் அபிப்பிராயத்தில் இன்னும் பெரிய, ஆனந்தம்.

ஒரு மாதம் இப்படிப் பழகிய பிறகு மலைக்குப் போகலாம். மதுரையைச் சூழ்ந்திருக்கும் குன்றுகளைப் போல முதியவர்களுக்கு இணக்கமானவை வேறு ஊர்களில் அபூர்வம். யானைமலை, நாகமலை, அழகர்மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஆயினும் முதலில் ஏறத்தக்கது கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலைதான். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் வழியாக நிதானமாக ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். ஊற்று ஒன்றின் பக்கத்தில், பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றின் கீழே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துக்களில், இன்னாருடைய மாணாக்கர் செய்வித்த திருமேனி இது என்ற செய்தி. குரண்டியிலிருந்த சமணப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் இப்படிப் பெயரோடு பதிவாகியிருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆசிரிய மாணாக்க பரம்பரையின் பெயர்களுக்கு எதிரே நிற்கும்போது அடையும் உணர்ச்சியை நான் வருணிக்க முயலவில்லை; போய்ப் பார்க்கட்டும். சாய்ந்த வெயிலில்தான் அந்த எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும். ஆகையால் காலை ஏழு மணியே தக்க வேளை; ஒன்பது மணிக்குப் பாறை சூடேறிவிடும்.

இங்கே தேகத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர, முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான்; கைத்தடி இறங்கும்போதுதான் அதிகம் உதவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டுக்கொண்டு மலையேறக் கூடாது. சட்டைப்பையில் இரண்டு கடலைமிட்டாயாவது இருக்க வேண்டும். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் தம் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். தனியே போகாமல் ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது அவசியம்.

சமணர் மலையை இரண்டு மூன்று பருவங்களில் பார்த்த பிறகு, மேலூர்ப் பக்கமுள்ள அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பிரதேசம் அது. அருகிலுள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அங்கே காணும் சைவ குருவான இலகுலீசரின் சிற்பம், பாறை இடுக்குகளில் கூடு கட்டும் இராசாளிகள் என்று எத்தனையோ பொக்கிஷங்களை அந்தக் குன்றுகள் வைத்திருக்கின்றன. அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது கிராமத்து ஜனங்கள் ஒன்றுகூடி எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நாம் அங்கே போகும்போது அவர்களுடைய விருந்தாளிகளாகப் போகிறோம் என்ற நினைவு வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஊற்றுகளும் கண்மாய்களும் நிறைந்திருக்கும்; பறவைகளுக்கும் அதுவே காலம்.

இன்னொரு விஷயம் என் மனத்தை நெடுநாளாக உறுத்துகிறது. கணவர் ஓய்வு பெறுகிறார். மனைவிக்கு ஓய்வு எந்த வயதில்? காலை ஐந்து மணிக்கு மலைக்குப் புறப்பட வேண்டுமானால், மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறித் தூக்குப் பாத்திரத்தில் அடைக்கிறவர் யார்? வீட்டு அம்மாளை உடன் அழைத்துச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு, அவருடைய சமையலறையையும் கூடவே தூக்கிச் செல்வது பிரயாணமாகாது. வழியில் கிடைக்கும் இட்லியோ பொங்கலோ போதும் என்று நிச்சயித்துக்கொண்டால், அந்த அம்மாளுக்கும் பாதையோரத்துப் பூச்செடியை நின்று பார்க்க நேரம் கிடைக்கும். பெண்கள் கட்டணமின்றிப் போகும் நகரப் பேருந்து வந்த பிறகு, அறுபது கடந்த தோழிமார் இருவர் மூவராகச் சேர்ந்து கோயிலுக்கும் மலையடிவாரத்துக்கும் தாமே போய்வருவதைக் காண்கிறேன். மனம் மிகவும் சந்தோஷப்படுகிறது.

இனி நெடுவழிப் பிரயாணம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளி வரை செல்லும் சுமார் 140 கிலோமீட்டர் சாலையைப் போல, நாம் குடிக்கும் தண்ணீரின் பூர்வோத்தரத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிற சாலை தென்னாட்டில் வேறில்லை என்று சொல்லத் துணிவேன். கார் ஓட்டுகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகு எதிர் வண்டியின் விளக்கு வயதான கண்களைக் கூசச் செய்யுமாதலால், மாலை ஆறு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. மீட்டர் கேஜ் பாதையை மூடியபின் பல வருஷம் நின்றுபோயிருந்த சேவை, 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் அகலப் பாதையில் மீண்டது. ஆண்டிபட்டிக் கணவாயை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே கடக்கலாம்.

கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை, 1959-இல் திறந்தது, நீர் தேக்கும் உயரம் 71 அடி. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்று தண்ணீர் திறந்துவிடுவது இங்கிருந்துதான். சின்னமனூரில் இடப்புறம் திரும்பினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேகமலைக்குப் போகலாம். புலிகள் காப்பகப் பகுதியாதலால் வனத்துறைச் சோதனைச் சாவடியின் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் சமநிலச் சாலையிலேயே போகலாம். இருபுறமும் பந்தலில் தொங்கும் பன்னீர்த் திராட்சையும், தென்னந்தோப்பும், நெல் வயலும் குறைவற்ற விருந்து.

கூடலூரைக் கடந்தால் லோயர் கேம்ப். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டியது, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, ராட்சசக் குழாய்களில் இறங்கி, மின் நிலையத்தின் யந்திரங்களைச் சுழற்றிவிட்டு, வைகையோடு கலக்கும் ஆற்றில் சேருகிறது. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது அந்தக் குழாய்களைக் காணலாம்; உபரி நீர் பாயும் இரைச்சல் பாலத்தின் ஓசையைப் பருவத்தில் கேட்கலாம். அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் லோயர் கேம்பில் இருக்கிறது. ஐந்தாறு மாவட்டங்களின் வயிற்றுக்குச் சோறிட்ட வேலை அது; அந்த மண்டபத்தின் முன் நின்று பேசாமல் திரும்ப யாராலும் முடியாது.

இந்தச் சாலைக்கும் ஒரு முறை போனால் போதாது. ஜூன் மாதத்தில் பெரியாற்றுத் தண்ணீரைத் திறக்கும் சமயம், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருக்கும்; தென்மேற்குக் காற்றோடு சாரலும் உண்டு. அக்டோபர் வாக்கில் போனால் முதல்போக அறுவடை. பென்னிகுவிக் பிறந்த நாளான ஜனவரி 15-ஐ ஒட்டிப் போகிறவர்கள், பாலார்பட்டி என்ற கிராமத்து ஜனங்கள் அவர் பெயரால் வைக்கும் பொங்கலையும் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் சபரிமலைக்குப் போகும் வாகனங்களால் குமுளிச் சாலையில் நெரிசல் மிகுமாதலால், கம்பத்தில் தங்கிக்கொண்டு, மலைப்பாதையை மட்டும் பிறகு பார்க்கலாமென்று வைத்துக்கொள்வது நல்லது.