பிள்ளை எந்த இல்லம்?
ஆரம்பப் பாடசாலை விளையாட்டுப் போட்டியும் அதன் பெறுபேறுகளும்

தைப்பொங்கல் முடிந்து, மழை ஓய்ந்து, நிலம் காயத் தொடங்கியதும் வயலில் அரிவி வெட்டுத் தொடங்குகிறது. அதே நாட்களில்தான் பாடசாலைகளில் முதலாந் தவணை இல்ல விளையாட்டுப் போட்டிகளும் வருகின்றன. சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் வயலில் கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு இது பெரிய சங்கடம். பிள்ளையின் ஓட்டத்தைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி இல்லை. போகாவிட்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு?" என்று சிலர் கேட்பார்கள். முதலாம் ஆண்டு தொடக்கம் ஐந்தாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளின் போட்டியில் ஓட்டத்தைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது என்பதே எமது எண்ணம். அதைப் பெற்றோருடனும் ஆசிரியர்களுடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இல்லம் கிடைக்கும் நாள்

எமது பாடசாலைகளில் விளையாட்டுக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கும் குழுவுக்கு 'இல்லம்' என்று பெயர். ஆங்கிலேயர் காலத்துப் பாடசாலைகளிலிருந்து வந்த வழக்கம் இது. நாவலர், விபுலானந்தர், பாரதி, வள்ளுவர் என்று பெரியோர்களின் பெயரை இல்லங்களுக்கு இட்டிருப்பார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம், ஒரு கொடி, ஒரு தலைவர் உண்டு. பல பாடசாலைகளில் சேர்வு இடாப்பின் வரிசைப்படியே பிள்ளைகளை இல்லங்களுக்குப் பங்கிடுகிறார்கள். இன்னாரின் பிள்ளை, இன்ன ஊர்ப் பிள்ளை என்று பார்ப்பதில்லை.

வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு இந்தச் சொல் சாதாரணமான சொல் அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் தென்மராட்சியிலும் வன்னியிலும் வேறு பாடசாலைகளில் இடம் தேடினார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடற்கோளின் பின் கரையோரப் பிள்ளைகள் உள்ளூர்ப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தற்காலிகக் கொட்டில்களில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த முகாமின் கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறின. இப்படி வந்த பிள்ளையை ஊரார் 'முகாம் பிள்ளை', 'அகதிப் பிள்ளை' என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரை அழிக்கப் பாடசாலைக்கு இருக்கும் இலகுவான வழி, சேர்ந்த அன்றே பிள்ளைக்கு ஓர் இல்லத்தைக் கொடுப்பதுதான். அதன் பின் அது பச்சை இல்லப் பிள்ளை அல்லது நீல இல்லப் பிள்ளை.

ஆனால் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. தவணையின் நடுவில் வந்த பிள்ளையிடம் விடுகைப் பத்திரம் இல்லை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை என்றால் சேர்வு இடாப்பில் பெயர் ஏறத் தாமதமாகிறது. இடாப்பில் இல்லாத பெயர் இல்லப் பட்டியலிலும் வராது. போட்டி நாளில் அந்தப் பிள்ளை மர நிழலில் இருந்து கைதட்டும். பத்திரங்கள் வரும்போது வரட்டும். இல்லத்தின் நிறத்தை வகுப்பாசிரியர் முதல் நாளே சொல்லிவிடலாம்.

பெறுபேற்றைக் கணக்கிடும் முறை

போட்டி முடிந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த இல்லம் முதலாவது?" என்பதுதான். அந்த விடை பிள்ளைகளின் கால்களில் மட்டும் இல்லை. நாம் புள்ளி போடும் முறையிலும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறிய பாடசாலையில் 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று இல்லங்கள், இல்லத்துக்கு 20 பேர். ஐந்து போட்டிகள். முதலாம் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1. நாள் முடிவில் கிடைத்த இடங்கள் இவை:

சிவப்பு: முதலாம் இடம் 4, இரண்டாம் இடம் 1, மூன்றாம் இடம் 1. மொத்தம் 24 புள்ளி.
நீலம்: முதலாம் இடம் 1, இரண்டாம் இடம் 4, மூன்றாம் இடம் 1. மொத்தம் 18 புள்ளி.
பச்சை: மூன்றாம் இடம் 3. மொத்தம் 3 புள்ளி.

சிவப்பு இல்லம் வென்றது. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சிவப்பு இல்லத்தில் மைதானத்தில் இறங்கியவர்கள் 11 பேர் மட்டுமே. நீலத்தில் 15 பேர். பச்சையில் 20 பேரும் இறங்கினார்கள். இந்த உழைப்பு மேலுள்ள கணக்கில் எங்கும் தெரியவில்லை.

இப்போது ஒரு விதியைச் சேர்ப்போம். ஏதாவது ஒரு போட்டியில் இறங்கி அதை முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்த இடம் கிடைத்தாலும், இல்லத்துக்கு 2 புள்ளி. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை மட்டும். அப்போது சிவப்புக்கு 24உம் 22உம் சேர்ந்து 46. நீலத்துக்கு 18உம் 30உம் சேர்ந்து 48. பச்சைக்கு 3உம் 40உம் சேர்ந்து 43.

நீலம் வெல்கிறது. பச்சை இல்லம் இரண்டு வெற்றி இல்லங்களுக்கும் அருகில் வந்து நிற்கிறது. சிவப்பு இல்லமோ மரத்தடியில் இருந்த 9 பேரில் இரண்டு பேரை மட்டும் இறக்கியிருந்தால் 50 புள்ளி பெற்று வென்றிருக்கும்.

இந்த விதியின் பலன் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வருடம் சிவப்பு இல்லத் தலைவி மரத்தடிக்குப் போவாள். "வா தங்கச்சி, நீயும் ஓடு, உன்ர ரெண்டு புள்ளி வேணும்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். புதிதாக வந்த பிள்ளையை இரக்கத்தோடு பார்ப்பது ஒன்று. தேவை என்று கூப்பிடுவது இன்னொன்று. பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இது எமது கண்டுபிடிப்பு அல்ல. அனைத்துலக மெய்வல்லுநர் சம்மேளனம் சிறுவர்களுக்கென்று வகுத்த நிகழ்ச்சித்திட்டமும் குழுவாக விளையாடுவதையே அடிப்படையாகக் கொண்டது. அதிலும் ஒவ்வொரு பிள்ளையின் முயற்சியும் குழுவின் கணக்கில் சேர்கிறது.

வகுப்பா, வயதா?

இன்னொரு நியாயத்தையும் கவனிக்க வேண்டும். இடப்பெயர்வால் ஒன்றிரண்டு வருடப் படிப்பை இழந்த பிள்ளை 11 வயதில் நான்காம் ஆண்டில் இருக்கும். பக்கத்தில் 9 வயதுப் பிள்ளைகள். வகுப்பு வாரியாக ஓட்டம் வைத்தால் மூத்த பிள்ளை இலகுவாக வெல்லும். மற்றப் பிள்ளைகள் "அவன் பெரிய ஆள்" என்று முறைப்பாடு செய்வார்கள். வென்ற பிள்ளைக்கும் வெட்கமாகப் போய்விடும். ஆகவே பிறந்த ஆண்டைப் பார்த்துக் குழு பிரிப்பது நல்லது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் தாயிடம் கேட்டால் போதும். எந்தப் போகத்தில் பிள்ளை பிறந்தது என்று சொல்லாத தாய் இல்லை.

கையில் உள்ளதைக் கொண்டு

விளையாட்டுப் போட்டிக்குப் பெரிய செலவு வேண்டும் என்று சில பாடசாலைகள் பின்வாங்குகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் ஆரம்பப் பிரிவுக்கு வேண்டியவை பெரும்பாலும் வீட்டிலும் வயலிலும் இருக்கின்றன.

மைதானம்: 50 மீற்றர் நேரான நிலம் போதும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 30 மீற்றரே போதும். பெரியவர்களின் ஓட்டப் பாதை 1.22 மீற்றர் அகலம். சிறுவர்களுக்கு 1 மீற்றர் போதும். முளை அடித்துக் கயிறு கட்டி, அதன்மேல் சுண்ணாம்பைத் தூவினால் கோடு நேராக வரும். கல், முள், போத்தல் ஓடு ஆகியவற்றை முதல் நாள் பெற்றோர் சிரமதானமாகப் பொறுக்கிவிட வேண்டும். பல பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். மீள்குடியேறிய இடங்களில் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே மைதானம் அமைய வேண்டும். பந்து பற்றைக்குள் போனால் பெரியவர் ஒருவரிடம் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

சாக்கோட்டம்: நெற்சாக்கே நல்லது. உரச்சாக்கு என்றால் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். கிருமிநாசினி இருந்த எந்தப் பையையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது.

தேசிக்காயும் கரண்டியும், கிழங்கு பொறுக்குதல், போத்தலில் நீர் நிரப்புதல், தவளைப் பாய்ச்சல், முயலோட்டம்: இவற்றுக்கு ஆளுக்கு ஒரு கரண்டியும் சில கிழங்குகளும் தண்ணீரும் போதும். வேகமாக ஓட முடியாத பிள்ளை நிதானத்தால் வெல்லக்கூடிய போட்டிகள் இவை. கரண்டியில் தேசிக்காயைக் கொண்டு போகும்போது ஓடுகிறவனைவிட நடக்கிறவளே முதலில் போய்ச் சேருவதை எல்லோரும் கண்டிருப்போம்.

தொடக்க ஒலி: வெடி வேண்டாம். பிள்ளைகள் மட்டுமல்ல, பார்க்க வந்த தாய்மாரும் அந்தச் சத்தத்தில் திடுக்கிடுகிறார்கள். விசில் போதும். இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்துத் தட்டினாலும் போதும்.

நேரம்: மாசி, பங்குனி வெயில் கடுமையானது. பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை அணிவகுத்து வெயிலில் நிறுத்தி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. குறித்த நேரத்தில் தொடங்குங்கள். விருந்தினர் வந்து சேரும்போது சேரட்டும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் முதற் போட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கஞ்சி கொடுப்பது நல்லது. இடையில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கலாம்.

பரிசு: வெற்றிக் கேடயம் இல்லத்துக்கு. பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் போதும். பங்குபற்றிய எல்லோருக்கும் ஒரு மரக்கன்று கொடுத்தால் இன்னும் நல்லது. மா, மாதுளை, முருங்கை எதுவாகவும் இருக்கலாம். குடியிருக்கும் நிலம் சொந்தமில்லாத குடும்பம் அதைப் பையிலோ பழைய வாளியிலோ வளர்க்கலாம். காணிக்குத் திரும்பும்போது கூடவே கொண்டு போகலாம்.

பெரியவர்களும் இறங்க வேண்டும்

பெற்றோர் நிகழ்ச்சி என்றால் சங்கீதக் கதிரையும் கயிறிழுத்தலும்தான். புதிதாக வந்த குடும்பங்களை ஒரு பக்கமும் ஊரவரை மறுபக்கமும் நிறுத்திக் கயிறு இழுக்க வைக்கக் கூடாது. இரு பகுதியினரையும் கலந்து நிறுத்த வேண்டும். ஒரே கயிற்றின் ஒரே பக்கத்தைப் பிடித்த இருவர் அடுத்த கிழமை வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை பிடிக்கச் சற்று யோசிப்பார்கள்.

வயது போய்விட்டது என்று சொல்லவும் வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோருக்கான போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார்.

இளம் வயதில் சிகரம் தொட்டவர்களும் எம்மிடையே உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1990இல் இடம்பெயர நேர்ந்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி பின்னர் தன் இடத்துக்குத் திரும்பியது. அங்கு படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தார்.

இப்படிப்பட்டவர்கள் ஆயிரத்தில் ஒருவர். ஆரம்பப் பாடசாலை மைதானம் அந்த ஒருவரைத் தெரிந்தெடுக்கும் இடம் அல்ல. மற்ற 999 பேரும் "நானும் ஓடினேன், என்ர புள்ளியும் அதில இருக்கு" என்று வீட்டில் வந்து சொல்வதற்கான இடம்.

வரும் போட்டிக்கு முன்

பெற்றோர் செய்யக்கூடியவை சில:

1. பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்: "நீ எந்த இல்லம்?" தெரியாது என்று சொன்னால் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

2. நிறச் சட்டை வாங்க வசதியில்லை என்பதற்காகப் பிள்ளையை மறிக்க வேண்டாம். அந்த நிறத்தில் ஒரு துணித்துண்டைக் கையில் கட்டினால் போதும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவு எடுக்கச் சொல்லுங்கள்.

3. பங்குபற்றும் பிள்ளைக்குப் புள்ளி என்ற முறையையும் அதே கூட்டத்தில் முன்வையுங்கள். புள்ளிப் பலகையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்து, போட்டிக்குப் போட்டி எழுதச் சொல்லுங்கள்.

4. போட்டித் திகதியை அதிபரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, வயற்காரரிடம் சொல்லி வையுங்கள். தாய், தகப்பன் இருவரும் வர முடியாவிட்டால் ஒருவர் வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி விடுங்கள். ஓடும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.