ஒண்ணாம் வகுப்புல என்னதான் நடக்குது?



பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், ஜூலை மாதங்களில் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "எம்புள்ள ஸ்கூலுக்குப் போயி பாட்டுப் பாடிட்டு, புளியங்கொட்டைய எண்ணிட்டு வருது. நோட்டுல ஒரு பக்கம்கூட எழுதல. இப்படியே போனா எப்பத்தான் படிக்கும்?" இந்தக் கவலையில்தான் பல அம்மாக்கள் குழுவில் உள்கடன் எழுதி, பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பள்ளிக் கட்டணத்துக்காக 15,000 ரூபாய் கடன் வாங்கி, மாதம் 1,500 ரூபாய் அசலாகப் பத்துத் தவணையில் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், வட்டி மட்டும் 1,650 ரூபாய் ஆகிறது. அடுத்த வருஷம் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பிள்ளையை மாற்றுவதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால், அந்த வகுப்பறையில் நடப்பது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும் இல்லையா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த முறை எப்படி வந்தது?

2003-ம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் கிராமப் பள்ளிகளில் நடந்த வேலையைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறை அது. 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படிப்பது, பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் செய்ததை மாட்டிவைக்கக் கம்பிப் பந்தல் எல்லாம் அப்போது வந்தவை. அன்று ஒண்ணாம் வகுப்பில் அட்டை எடுத்த பிள்ளைகளில் சிலர் இன்று நம் குழுக்களில் இளம் தாய்மார்களாக இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் நல்லாச் சொல்வார்கள்.

பிறகு கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடின. ஒண்ணு முதல் எட்டு வரைக்குமான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திரும்பத் திறந்தன. அந்த இடைவெளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் விட்டுப்போனது. அதைச் சரிசெய்ய 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை வந்தது. அடுத்த கல்வி ஆண்டில் 4, 5-ம் வகுப்புகளும் சேர்ந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையில் இருந்து சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். நம்ம ஊர் சின்னப் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். டீச்சர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற பிள்ளைகள் கையில் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் வகுப்பு ஓடும்.

தினமும் ஒரே ஒழுங்கு ஏன்?

வீட்டில் காலையில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, அடுப்பு மூட்டுகிறோம். யாரும் சொல்லாமலே கை தானாக வேலை செய்கிறது. வகுப்பறையிலும் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டால், "உட்காரு, எடு, வை" என்று டீச்சர் கத்த வேண்டியதில்லை. அந்த நேரம் பாடத்துக்குக் கிடைக்கும்.

வருகை: பிள்ளை தானே தன் பெயரைத் தேடிக் குறி போடுகிறது. முதன்முதலாக அது அடையாளம் கண்டு படிக்கிற சொல் தன் பெயர்தான்.

ஆரோக்கியச் சக்கரம்: பல் தேய்த்தாயா, குளித்தாயா, நகம் வெட்டினாயா என்று பார்த்துப் பிள்ளையே குறிக்கும்.

காலநிலை அட்டவணை: இன்று வெயிலா, மேகமா, மழையா என்று பார்த்துப் படம் ஒட்டுகிறார்கள். மாதக் கடைசியில் எத்தனை வெயில் நாள், எத்தனை மழை நாள் என்று எண்ணுகிறார்கள். எது அதிகம், எவ்வளவு அதிகம் என்று கேட்டால் அதுவே கழித்தல் கணக்கு.

வட்டப் பாட்டு: கூச்சப்படும் பிள்ளை தனியாகப் பேசாது. ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து பாடும். பத்து நாளில் வாய் திறந்துவிடும்.

சாமான்களைத் திரும்ப வைப்பது: எடுத்த அட்டையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வாரம் ஒரு தலைவர் மாறிமாறி வருவார். நம் குழுவில் பொறுப்பு மாறுகிற மாதிரிதான்.

எழுத்து விளையாட்டுகள்

தமிழில் மொத்தம் 247 எழுத்து. அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் பிள்ளை மிரண்டுபோகும். உண்மையில் அப்படி வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் சேர்க்கையில் வருவது. 'க'வுக்குக் கால் போட்டால் 'கா' என்று பிடிபட்டால், பா, மா, தா எல்லாம் தானாக வரும். இதற்குத்தான் எழுத்துச் சக்கரம். இரண்டு வட்ட அட்டை. ஒன்றில் க, ச, த, ப. இன்னொன்றில் கால், கொம்பு. சுற்றச் சுற்றப் புது எழுத்து வரும்.

உ, ஊ வரிசை மட்டும் இப்படி மடங்காது. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அதனால்தான் மணலிலும் ரவையிலும் விரலால் எழுதவைக்கிறார்கள். பென்சில் பிடிக்கப் பழகாத விரலுக்கு மணல் எளிது. தப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடலாம், அடி திட்டு கிடையாது.

இன்னொன்று கைதட்டு விளையாட்டு. 'அம்மா' என்று சொல்லி இரண்டு தட்டு: அம்-மா. 'தக்காளி' என்றால் மூன்று தட்டு: தக்-கா-ளி. ஆனால் எழுதும்போது தக்காளிக்கு நாலு எழுத்து. புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனித் தட்டு இல்லை. இது காதில் ஏறிய பிள்ளை 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று எழுதாது.

எண் விளையாட்டுகள்

இருபத்தைந்து என்று சொன்னால் சில பிள்ளைகள் 205 என்று எழுதும். திட்டாதீர்கள். இருபதைக் கேட்டு 20 போட்டது, ஐந்தைக் கேட்டு 5 போட்டது. அது கேட்டபடிதான் எழுதியிருக்கிறது. நம் எண் பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. தொண்ணூறு என்பதில் 'நூறு' கேட்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. பாவம், பிள்ளை என்ன செய்யும்?

இதற்கு மருந்து குச்சிக்கட்டு. பத்து ஈர்க்குச்சியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டினால் ஒரு கட்டு. இருபத்தைந்து என்றால் இரண்டு கட்டு, ஐந்து சில்லறைக் குச்சி. கட்டை இடப்பக்கமும் சில்லறையை வலப்பக்கமும் வைத்து, கீழே 2, 5 என்று எழுதவைத்தால் 205 போய்விடும். கடன் வாங்கிக் கழிப்பதும் இதில்தான் புரியும். 32-ல் 7 போக எவ்வளவு? சில்லறை இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தால் பன்னிரண்டு. ஏழு எடுத்தால் ஐந்து. மீதி இரண்டு கட்டு, ஐந்து குச்சி, அதாவது 25. பலகையில் வெறுமனே 'கடன் வாங்கு' என்று சொன்னால் யாரிடம், எதை என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கடை விளையாட்டு இன்னொன்று. காலி சோப்பு அட்டை, பிஸ்கட் கவர் வைத்துக் காகிதக் காசில் வியாபாரம். 13 ரூபாய் சாமானுக்கு 20 ரூபாய் கொடுத்தால், 13-ல் இருந்து 14, 15 என்று 20 வரைக்கும் எண்ணி 7 ரூபாய் மீதி கொடுக்கும். சந்தையில் நாமும் அப்படித்தானே எண்ணுகிறோம்?

திண்ணையைச் சாணில் அளக்கச் சொல்வார்கள். ஒருத்திக்கு 20 சாண் வரும், இன்னொருத்திக்கு 23 வரும். ஏன் என்று சண்டை வரும். கை அளவு வேறு, அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவுகோல் வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நல்லா நடக்குதான்னு எப்படித் தெரியும்?

பாட்டும் சத்தமும் இருப்பதாலேயே எல்லா வகுப்பும் நல்ல வகுப்பு ஆகிவிடாது. சாமான்கள் உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கலாம். பிள்ளைகள் நாள் முழுக்கச் சும்மா படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டு இருக்கலாம். அதனால் நாம் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும்.

• சாயங்காலம் "என்ன எழுதுன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதை எண்ணுன? என்ன கதை கேட்ட? எனக்குச் செஞ்சு காட்டு" என்று கேளுங்கள். செய்து காட்டினால் பாடம் ஏறியிருக்கிறது.

• கம்பிப் பந்தலில் பிள்ளையின் வேலை தொங்குகிறதா, மாதத்துக்கு மாதம் அது மாறுகிறதா என்று பாருங்கள்.

• மத்திய அரசின் 2021 நிபுண் பாரத் வழிகாட்டுதலில் உள்ள இலக்கு இது. ஒண்ணாம் வகுப்பு முடிவில் நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியத்தைப் படிக்க வேண்டும், 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். இரண்டாம் வகுப்பில் எண்கள் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9,999 வரை. உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று டீச்சரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் இதெல்லாம் கேட்கலாம். குச்சிக்கட்டைச் சரிபார்க்க எழுத்து வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பு வராத பிள்ளைக்கு அதற்குப் பிறகு அறிவியலும் வராது, சமூகவியலும் வராது. எல்லாமே படித்துத்தான் புரிய வேண்டும். பின்தங்கிய பிள்ளை வெட்கப்படும், கடைசி பெஞ்சுக்குப் போகும், ஒருநாள் ஆடு மேய்க்கப் போகிறேன் என்று நின்றுவிடும். அந்த வேர் ஒண்ணாம், இரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறது.

லீவு போடும்போது யோசியுங்கள்

சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள். தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்க, சந்தைக்குப் போக, விசேஷத்துக்கு என்று வாரம் ஒரு நாள் நிறுத்தினால் வருஷத்தில் 40 நாள் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு! புத்தகப் பாடமாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிறகு காட்டலாம். மணலில் எழுதியதும், கூட்டாளியோடு கடை வைத்ததும் அந்த நாளோடு போய்விடும்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை நம் வீட்டிலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பொருள் கொண்டுவந்தால் ஒரு வகுப்புக்குப் போதும்.

• ஒரே நீளமாக வெட்டிய தென்னை ஈர்க்குச்சி, ஒரு பிள்ளைக்கு 100
• கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை
• பழைய தினசரி காலண்டர் தாள் (எண் அட்டைக்கு)
• பழைய கல்யாணப் பத்திரிகை (எழுத்து அட்டைக்கு)
• பிளாஸ்டிக் பாட்டில் மூடி, காலி டப்பா, துவைத்த சாக்கு

ஒரு எச்சரிக்கை. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியோ ஆமணக்குக் கொட்டையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்ன மணிகளையும் கொட்டைகளையும் கைக்குழந்தை பக்கத்தில் விடக்கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடாதீர்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நிறுத்தாமல், "கற்றல் சாமான் எல்லாம் பிள்ளைங்க கைக்குப் போகுதா? ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கதை தெரிந்த பாட்டிமாரை வாரம் ஒருநாள் கதை சொல்ல அழைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். 1 முதல் 3-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள் பெயரை ஊக்குநர் எழுதிக்கொள்ளட்டும். யார் எந்தச் சாமான் கொண்டுவருவது, யார் எந்த நாளில் வகுப்பைப் பார்க்கப் போவது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு மனு வந்திருந்தால், அந்த அம்மா வகுப்பைப் பார்த்துவிட்டு வரும்வரை ஒரு வாரம் பொறுக்கலாம். பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் தாராளமாக மாற்றட்டும். நாம் கேட்பது அந்த ஒரு வாரம் மட்டும்தான்.