தேய்ந்த சிலிண்டர்: ஹொண்டா சீ.ரி. 90

1966இல் வந்த மலைப்பாதை மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இது. துளையின் விட்டம் 50 மி.மீ., கொள்ளளவு 89.5 க.செ.மீ. மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டுப்படும். ரிங் உரசி உரசித் தேய்த்த எல்லை அது. இந்த நிலையில் புது ரிங் மட்டும் போடுவது வீண்செலவு. சிலிண்டரைக் கால் மி.மீ. பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட வேண்டும்.

ஆனால் புகை வந்தாலே சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. கொழும்பில் ஒழுங்காக ஓடிய காபரேற்றர் இங்கே பெற்றோலை அளவுக்கு மிஞ்சி ஊட்டும், கரும்புகை வரும். அதற்காக எஞ்சினில் கைவைக்காதீர்கள், பெரும்பாலும் சிறிய ஜெட் போதும். நீலப்புகை வேறு கதை: ஒயில் எரிகிறது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.