டேட்டா சென்டர் வேலைக்குப் படிக்கணுமா? கடன் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

மீஞ்சூர், அத்திப்பட்டு, பழவேற்காடு பக்கம் இருந்து தினமும் வேலைக்குப் போறவங்களை மனசுல வெச்சு எழுதினது இது. மத்த ஊர்க்காரங்களும் படிக்கலாம், கணக்கு ஒண்ணுதான்.

உங்க நிலைமை இப்படி இருக்கலாம். டிரிபிள்இ இல்லன்னா மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிருக்கீங்க. அனல்மின் நிலையத்துலயோ காட்டுப்பள்ளி பக்கமோ கான்ட்ராக்ட் வேலை, கையில 22,000 ரூபாய். அப்பா இன்னும் ஏரிக்குப் போறார், ஆனா அந்த வருமானத்தை நம்பி வீட்டுல யாரும் பட்ஜெட் போடுறதில்லை. இப்போ அம்பத்தூர்லயும் சிறுசேரியிலயும் வரிசையா டேட்டா சென்டர் வருது. அதுக்குன்னே ஒரு கோர்ஸ் இருக்கு, 4 லட்சம்தான், லோன் நாங்களே ஏற்பாடு பண்றோம்னு ஒரு போன் வருது. சேரலாமா?

முதல்ல அந்த வேலை என்னன்னு பார்த்துடுவோம். டேட்டா சென்டர்னா கம்ப்யூட்டர் வேலைன்னு நினைச்சுக்கிட்டு கோடிங் கிளாஸ்ல போய் உட்கார்ந்துடாதீங்க. அது ஒரு சின்ன தொழிற்சாலை மாதிரி. ஹைடென்ஷன் கரன்ட் உள்ள வரணும், டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி யூபிஎஸ்ஸுக்குப் போகணும், கரன்ட் போனா சில நொடியில டீசல் ஜெனரேட்டர் ஓடணும். சர்வர் தின்ற கரன்ட் பூரா கடைசியில சூடாத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியேத்த சில்லர், பம்ப், கூலிங் டவர். அதுக்குத் தண்ணி. இதுக்கு மேலதான் நெட்வொர்க், செக்யூரிட்டி, கஸ்டமரோட போட்ட ஒப்பந்தம் எல்லாம்.

சிக்கலே இங்கதான். நம்ம காலேஜ்ல இதெல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்லயே பவர் சிஸ்டம்ஸ் ஒரு எம்.இ., ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர்கண்டிஷனிங் இன்னொரு எம்.இ., எனர்ஜி இன்ஜினியரிங் வேற ஒண்ணு. டேட்டா சென்டர்ல இந்த மூணு பேரும் ஒரே ராத்திரி, ஒரே அலாரத்துக்கு முன்னாடி நிக்கணும். கூலிங் நின்னா எத்தனை நிமிஷத்துல சர்வர் அணையும்னு எலக்ட்ரிக்கல் ஆளுக்கும் தெரியணும், அப்படி அணைஞ்சா கம்பெனிக்கு எவ்வளவு அபராதம்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் அமெரிக்காவில டல்லாஸ்ல இருக்கிற சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி, டேட்டா சென்டர் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்னு பல துறையையும் சேர்த்து ஒரு மாஸ்டர்ஸ் டிகிரியே ஆரம்பிச்சாங்க. நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் சிங்கப்பூர். 2020 கணக்குல அந்த நாட்டோட மொத்த மின்சாரத்துல சுமார் 7 சதவீதம் டேட்டா சென்டருக்கே போச்சு. புது டேட்டா சென்டருக்கு அனுமதி கொடுக்கிறதையே 2019 முதல் சில வருஷம் நிறுத்தி வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் சிங்கப்பூர் நேஷனல் யூனிவர்சிட்டியும் நான்யாங் யூனிவர்சிட்டியும் சேர்ந்து, வெயிலும் புழுக்கமும் இருக்கிற ஊர்ல சர்வரை எப்படிக் கம்மி செலவுல ஓட்டுறதுன்னு பரிசோதிக்க ஒரு மையம் கட்டினாங்க, 2023-ல திறந்தாச்சு. அதே வருஷம், டேட்டா சென்டரை 26 டிகிரியிலயும் அதுக்கு மேலயும் ஓட்ட ஒரு தர வழிமுறையையும் அந்த அரசு வெளியிட்டுச்சு. நம்ம சென்னை வெயிலுக்கு டல்லாஸ் சிலபஸை விட இது நெருக்கம்.

ரெண்டு டிகிரி ஏத்துறதுல என்ன இருக்குன்னு தோணும். பணம்தான் இருக்கு. பியூஇ-ன்னு ஒரு அளவு உண்டு: கட்டடம் மொத்தமா இழுக்கிற கரன்டை, சர்வர் மட்டும் இழுக்கிற கரன்டால வகுத்தா வர்ற எண். 1-க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. சர்வர் லோடு 10 மெகாவாட் இருக்கிற ஒரு இடத்துல பியூஇ 1.6-ல இருந்து 1.5-க்கு இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. 1 மெகாவாட் மிச்சம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அப்போ 87.6 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டா 7 கோடி ரூபாய்! சில்லர் தெரிஞ்சவர் தனியா இதைக் கொண்டு வர முடியாது, சர்வர் தெரிஞ்சவராலயும் முடியாது. ரெண்டும் தெரிஞ்சு, அதை ரூபாயில எழுதிக் காட்டவும் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இன்டர்வியூல சம்பளம் பேசுற தைரியம் வரும். பல துறை படிப்போட மதிப்பு இதுதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர்ல 1,500 மெகாவாட், காட்டுப்பள்ளியில 2010-ல தொடங்கின தினம் 10 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராக்கும் ஆலை, ரெண்டு துறைமுகம். இங்க ஷிப்ட் பார்த்தவங்களுக்கு பெர்மிட் வாங்காம பேனலைத் தொடக்கூடாதுன்னு தெரியும். பம்ப் சத்தம் மாறினாலே தெரியும், தண்ணியோட உப்பு அளவு தெரியும், கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன் பழக்கம். டேட்டா சென்டர் ஆபரேஷன்ஸ்ல பாதி வேலை இதுதானே! உங்க ரெஸ்யூமேல இதையெல்லாம் ஒரு வரியில அடக்கிட்டு, ஆறு மாச கோர்ஸை மட்டும் பெரிய எழுத்துல போடாதீங்க.

தண்ணி விஷயத்துலயும் மீஞ்சூர்க்காரங்களுக்குத் தனியா பாடம் எடுக்க வேணாம். நிலத்தடி நீரை அளவுக்கு மேல உறிஞ்சி, கடல்நீர் உள்ள வந்து கிணறு உப்பான ஊர் இது. ஒரு டேட்டா சென்டர் கூலிங்குக்கு எந்தத் தண்ணியை எடுக்குதுங்கிற கேள்வியை உங்களை விட யாரும் நல்லா கேட்க முடியாது.

இப்போ அந்த 4 லட்சம். வட்டி 11 சதவீதம், 5 வருஷம்னா மாசம் இஎம்ஐ சுமார் 8,700. மொத்தமா கட்டுறது 5.2 லட்சம், அதுல வட்டி மட்டும் 1.2 லட்சம். 22,000 சம்பளத்துல 8,700 போனா, மீதி 13,300-ல வீடு நடக்குமா? வேலை உடனே கிடைச்சு, இஎம்ஐயும் ரூம் வாடகையும் போக இப்போ கையில நிக்கிறதை விட அதிகமா நிக்கணும். நிக்கலைன்னா அது படிப்பு இல்ல, செலவு. கல்விக் கடன் வட்டிக்கு வரி விலக்கு இருக்கேன்னு ஏஜென்ட் சொல்லுவார். அந்தச் சலுகை பழைய வரி முறையில மட்டும்தான். அதுவும் உங்க சம்பளத்துக்கு வரியே வராதுங்கிறப்ப எதுல விலக்கு?

நான் சொல்ற வரிசை வேற. முதல்ல காசில்லாம கிடைக்கிறது: ஷ்னைடர் எலக்ட்ரிக் யூனிவர்சிட்டில டேட்டா சென்டர் பாடங்கள் ஆன்லைன்ல இலவசம், என்பிடெல்ல ஹீட் டிரான்ஸ்ஃபர், பவர் எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. டிப்ளமோக்காரங்க தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட சூப்பர்வைசர் சான்றிதழுக்குத் தகுதி இருக்கான்னு பாருங்க. அனுபவம் சேர்ந்ததும், மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு நடத்துற எனர்ஜி மேனேஜர் தேர்வு. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-படி, எரிசக்தி அதிகம் செலவழிக்கிறதா அரசு அறிவிச்ச நிறுவனங்கள் இப்படி ஒருத்தரை வெச்சாகணும், அனல்மின் நிலையமும் அதுல சேர்த்தி. டேட்டா சென்டர் கிடைக்கலைன்னாலும் அந்தச் சான்றிதழ் வீணாகாது. தனியார் சர்டிபிகேட்டுக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனியையே பணம் கட்டச் சொல்லுங்க, பல இடத்துல கட்டுவாங்க. எம்.இ. படிக்கிற ஆசையும் வசதியும் இருக்கிற டிகிரிக்காரங்க நுழைவுத் தேர்வு எழுதி அரசு காலேஜுக்குப் போங்க, ஃபீஸ் வித்தியாசத்தைப் பார்த்தாலே புரியும்.

ஒரு கசப்பான விஷயமும் இருக்கு. டேட்டா சென்டர்ல கொட்டுற முதலீட்டைப் பார்த்து அதே அளவு வேலை வரும்னு நினைக்காதீங்க. கட்டுறப்ப கூட்டமா ஆள் தேவை. ஓட ஆரம்பிச்சா ஷிப்டுக்குச் சில பேர் போதும். 2021-ல தமிழ்நாடு அரசு டேட்டா சென்டருக்குன்னு தனிக் கொள்கை போட்ட பிறகு வேகம் கூடியிருக்கு, உண்மைதான். அதுக்காக வீட்டுக்கு ஒரு வேலை வந்துடாது.

அந்தச் சில பேர்லயும் பலர் டேட்டா சென்டர் கம்பெனி பேரோல்ல இருக்க மாட்டாங்க, பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்த நிறுவனத்துல இருப்பாங்க. அதனால ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி யார் பேர்ல வந்திருக்குன்னு பாருங்க. பிஎஃப் எந்தத் தொகைக்குப் பிடிக்கிறாங்க, நைட் ஷிப்ட் அலவன்ஸ் தனியா இருக்கா, கான்ட்ராக்ட் மாறினா உங்க சர்வீஸ் தொடருமா, இதையெல்லாம் எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்குங்க. மீஞ்சூர்ல இருந்து அம்பத்தூருக்கு பேசின் பிரிட்ஜ்ல ரயில் மாறித்தான் போகணும். ராத்திரி ஷிப்ட் முடியுற நேரத்துக்கு முதல் ரயில் எத்தனை மணிக்குன்னு பார்த்துட்டு, கேப் வசதி உண்டான்னு அதே மெயில்லயே கேட்டுடுங்க.